கடைமடைக்கு வெந்நீர்

எனக்கு வேண்டியது ஒரே ஒரு குளியல். கழுத்துவரைக்கும் வெந்நீர், பாதியில் மனம் மாறாத வெந்நீர். நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? ஒரு குளியல் கேட்டேன். அதற்காக என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், கையில் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்த்த குடும்பம் இது.

நான் வேலை பார்ப்பது குளிர்கிடங்கில். மீனும் பட்டாணியும் கோழியும் கல்லாக உறைந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, லேபிள் ஒட்டி, கடைகளுக்கு அனுப்ப வேண்டும். தடித்த கோட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கையுறை, கண் மட்டும் தெரிகிற குல்லா. வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் மூக்கு காணாமல் போகும், பின்னாலேயே காது. சாயங்காலம் வேலை முடிந்து பஸ் ஏறினால் குளிரும் கூடவே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வீடுவரை வரும், எலும்புக்குள் ரூம் எடுத்துத் தங்கும். அதை விரட்ட வெந்நீரை விட்டால் எனக்குத் தெரிந்து வேறு வழி கிடையாது.

வீட்டில் அதற்கு ஏற்பாடு இல்லையா என்றால், இருக்கிறது. சமையலறை மூலையில் பாய்லர். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு அலமாரி, அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு டேங்க். பாய்லர் சுட வைக்கும், டேங்க் சேர்த்து வைக்கும், குழாயைத் திறந்தால் வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பாய்லர் காலையிலும் மாலையிலும் தானாகவே எரிந்து தானாகவே அணைந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு என் மாமனார் ஓய்வு பெற்றார்.

மாமா வாழ்நாளெல்லாம் ஓர் அணைக்கட்டில் வேலை பார்த்தவர். மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு. தெருவில் அவருக்கு 'ஷட்டர்' என்றுதான் பெயர். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ஷட்டர் வீடு என்றால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். ஓய்வு பெற்று வந்த மனிதர் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல், ஃபிரிட்ஜ் எதுவும் ஓய்வாக இருக்கவில்லை. திறப்பார், பார்ப்பார், மூடுவார். அப்படித்தான் ஒருநாள் மாடிப்படி அலமாரியைத் திறந்து டேங்கைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான்.

முதல் காரியமாக ஒரு பிளம்பரை வரவழைத்து, டேங்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு. அதன் ஓரமாகச் சிவப்புப் பெயின்டில் கோடுகள் போட்டார். மேல்கோட்டுக்கு 'முழுக் கொள்ளளவு' என்று எழுதினார், கீழ்க்கோட்டுக்கு 'அபாயம்' என்று எழுதினார். பாய்லர் சுவிட்சுக்கு மேல் ஒரு மரப்பெட்டி அடித்துப் பூட்டி, சாவியை பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி போட்டார். காலையும் மாலையும் அங்கே எழுந்து நின்று, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் அறிவிப்பார்:

"அணையின் நீர்மட்டம், முழுக் கொள்ளளவு. நீர்வரத்து, இல்லை. வெளியேற்றம், இல்லை. கரையோர மக்கள் அச்சப்பட வேண்டாம்."

கரையோரம் என்றால் சமையலறை. மக்கள் என்றால் என் அத்தை, அதாவது அவர் மனைவி. அத்தை ஒருநாளும் அச்சப்பட்டதாகத் தெரியவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ஆகட்டும், ஆகட்டும்" என்பார்.

தண்ணீருக்கு முறை வைத்தார். வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி முறை. அணைக்குப் பக்கத்தில் இருக்கிறவர் என்பதால் முதலில் மாமா. அப்புறம் அத்தை, அப்புறம் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நடுவில் துணி, பாத்திரம், தரைவிரிப்பு என்று ஒவ்வொன்றாக வரிசையில் புகுந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் கடைசியில் நான். வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருக்கிற வயலைக் கடைமடை என்பார்கள் அல்லவா, மேலே இருக்கிறவர்கள் பாய்ச்சியது போக மிச்சமிருந்தால் வந்து சேருகிற இடம், அது நான்தான். மாமா என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மேலேயிருந்து குரல் வரும்: "கடைமடை வந்தாச்சு, டீ போடு!"

நான் விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். நான் போன பிறகு மாமா பூட்டைத் திறந்து பாய்லரைப் போடுவார். ராத்திரி ஆவியாகிப் போன தண்ணீரை அது ஈடுகட்டுகிறது என்பது அவர் நினைப்பு. மூவரும் சுகமாகக் குளிப்பார்கள். குளித்து முடித்ததும் மாமா கண்ணாடிக் குழாயைப் பார்ப்பார். நீர்மட்டம் மேல்கோட்டிலேயே நிற்கும். "பாத்தியாடி, மூணு பேர் குளிச்சும் ஒரு சொட்டு குறையல!" என்று பூரித்துப்போவார். நிரம்பி நிற்கிற அணைக்கு எதற்கு வரத்து? பாய்லரை அணைத்துப் பூட்டிவிடுவார். சாயங்காலம் நான் வந்து வெந்நீர்க் குழாயைத் திறந்தால், மீன் பெட்டியிலிருந்து அப்போதுதான் உருகி வந்த மாதிரி ஒரு தண்ணீர் வரும். அந்த நேரத்தில் அந்தக் குழாயைத் தொடுகிற ஒரே ஜீவன் நான் என்பதால், அது வேறு யாருக்கும் தெரியாது.

"மாமா, தண்ணி ஜில்லுன்னு வருது."

"டேங்க் ஃபுல்லா இருக்கும்மா."

"ஃபுல்லா இருக்கட்டும். ஜில்லுன்னு வருதே."

"ஃபுல்லா இருக்கும்போது எப்படிம்மா ஜில்லுன்னு வரும்?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணாடிக் குழாயைக் காட்டி, சின்னப் பிள்ளைக்கு நிலாவைக் காட்டுகிற மாதிரி அன்பாகச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த மூக்கும் சில்லென்றுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டிலும் அதே தொழில்தான், மேலே அப்பாவிடம் போவார், கீழே என்னிடம் வருவார், இரண்டு மாடிக்கும் நடுவில் எங்கேயாவது நின்றுவிடுவார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் விரலை நீட்டச் சொன்னேன். நீட்டினார். விரலை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கிற மாதிரிதான்..."

"ஏங்க, மனசாட்சியோட சொல்லுங்க."

"மொதல்ல வர்ற தண்ணி அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்சம் விட்டுப் பாத்தா சூடு வரும்."

"அப்ப விட்டுப் பாப்போம்."

"வேணாம், வேணாம். தண்ணியை வீணடிச்சா அப்பா மனசு கஷ்டப்படும்" என்று குழாயை மூடிவிட்டார். மென்று முழுங்குவதில் இந்த மனிதருக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம்.

சரி, யார் தயவும் வேண்டாம் என்று கெட்டிலில் வெந்நீர் வைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். கெட்டில் கெட்டிலாகக் கொண்டுபோய் வாளியை நிரப்புவதற்குள் முதல் கெட்டில் ஆறிவிடும். இருந்தாலும் ஏதோ ஒன்று. மாமா நாற்காலியில் இருந்தபடி நான் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"அணை நிரம்பி நிக்குது. நீ என்னடான்னா பக்கத்துலயே போர் போட்டு தண்ணி எடுக்கிற. நாலு பேர் பாத்தா என்னைப் பத்தி என்னம்மா நினைப்பாங்க?"

பார்ப்பதற்கு எந்த நாலு பேரும் அங்கே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து கெட்டில் மாடிப்படி ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

இந்த நேரத்தில்தான் அத்தைக்கு அந்த யோசனை தோன்றியது. சாப்பாட்டு மேசையில், ரொம்ப இரக்கத்தோடு, எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். "பாவம், நாள் பூரா ஐஸுக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறா. அதான் சூடே தெரியமாட்டேங்குது. சூடு சொரணை செத்துப்போச்சு போல."

மருமகளுக்குச் சூடு சொரணை இல்லை என்று மாமியார் சொல்வது எல்லா வீட்டிலும் உண்டு. அதை வைத்தியக் காரணத்தோடு சொன்ன முதல் மாமியார் என் அத்தையாகத்தான் இருக்க வேண்டும். மேசையில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. மாமா வேகமாகத் தலையாட்டினார். என் வீட்டுக்காரருக்கு வேறு வழியே இல்லாமல் இருந்ததில் ஒரு வழி கிடைத்துவிட்டது. அப்பாவும் தப்பில்லை, பெண்டாட்டியும் தப்பில்லை, கைதான் தப்பு. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார்கள், மூன்று பேரும், நடுவில் என்னை விட்டு.

டாக்டர் இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என் கண்ணை மூடச் சொல்லி, வலது கையை எடுத்து ஒரு கிளாஸுக்குள் விட்டார்.

"இது எப்படிம்மா இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு டாக்டர்."

இன்னொரு கிளாஸுக்குள் விட்டார். சூடு விரல் நுனியில் ஆரம்பித்து, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைவரை மெதுவாக ஏறியது. யாரோ ரொம்ப நாள் கழித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னம்மா, தெரியுதா இல்லையா?"

"தெரியுது டாக்டர். சூடு."

"சரி, கையை எடுத்துக்கலாம்."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே, டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூவரையும் பார்த்தார். கைக்கு ஒன்றும் இல்லை, வெளியில் நிறைய பேர் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, கிளாஸை என்னிடமிருந்து மெதுவாகப் பிடுங்கினார்.

உண்மை வெளியே வந்துவிட்டது, இனி மாமா முகத்தில் ஈயாடாது என்று நினைத்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "டாக்டர் தண்ணி சுடுதுன்னு இவளுக்குத் தெரியுது. நம்ம வீட்டுத் தண்ணி சுடுறது மட்டும் தெரியல. அப்படின்னா கோளாறு கையில இல்ல. மனசுல. நம்ம வீடு இன்னும் மனசுக்கு ஒட்டல."

அத்தை என் தோளை அணைத்துக்கொண்டார். "ஒட்டும், ஒட்டும்" என்றார்.

அடுத்த நாள் சமையலறையில் அத்தையிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். என்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று, மாமாவின் திறமைக்குச் சான்றாக ஒரு கதை சொன்னார். கண்ணாடிக் குழாய் மாட்ட வந்த பிளம்பர், வேலை முடிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "இது எதுக்கு சார் உங்களுக்கு? மேல சூடா வெளிய போகப் போக கீழ பச்சத்தண்ணி உள்ள வந்துகிட்டே இருக்கும். இந்த டேங்க் எப்பவுமே ஃபுல்லாத்தான் இருக்கும்" என்றானாம். அதற்கு மாமா மீசையைத் தடவிக்கொண்டு, "நான் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாராம்.

எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. டேங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும்! வெந்நீரால் இல்லாவிட்டால் பச்சைத்தண்ணீரால்! நேராக மாடிப்படிக்கு ஓடினேன். "மாமா, டேங்க்ல குறையறது தண்ணி இல்ல, சூடு! சூட்டுக்கு அந்தக் கண்ணாடியில மட்டம் கிடையாது!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். மாமா நாற்காலியில் இருந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெந்நீர் டேங்க்ல இருக்கிறது வெந்நீர் இல்லாம வேற என்னம்மா?"

"பச்சத்தண்ணி, மாமா."

"அப்ப அது பச்சத்தண்ணி டேங்க்னு ஆயிடும். ஆனா இது வெந்நீர் டேங்க்." அவ்வளவுதான், கேஸ் முடிந்துவிட்டது. என்னோடு குளியலறைக்கு வந்து ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். வரமாட்டேன் என்றுவிட்டார். வேலை பார்த்த காலத்திலேயே அவர் கடைமடைக்குப் போனது கிடையாதாம். அணையை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரக் கூடாது என்பது ஷட்டர்காரர்களுக்கு விதியாம்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைத்தண்ணீரில் குளித்தேன், குளிக்கும்போது பல்லைக் கடிக்கக்கூட முடியவில்லை, அது தானாகவே தந்தியடித்தது. ராத்திரி போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்து, கிடங்கில் இருக்கிற கோழிகளாவது செத்த பிறகுதான் உறைகின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். மாமாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எங்கேயோ கூடுகிறார்கள் என்று குடையை எடுத்துக்கொண்டு காலையிலேயே போயிருந்தார். நான் வேலையிலிருந்து திரும்பி அடுப்பில் கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். பஸ் வழியில் நின்றுவிட்டதாம். குடைக் கம்பிகளெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தொப்பலாக நனைந்து, மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் நேராக நாற்காலிப் பக்கம் போய், கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு அறிவித்தார்:

"நீர்மட்டம், முழுக் கொள்ளளவு. அவசர வெளியேற்றம்... எனக்கு!"

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை துண்டு கொண்டு போனார், என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல் வந்தது. வாளி உருண்டது. கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, ஒரு காதில் சோப்பு நுரை, உதடு ஊதாவாக, மாமா படியில் நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி அவற்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் வந்துடுச்சு" என்றார்.

"என்னது வந்துடுச்சு?" என்று அத்தை பதறினார்.

"அவளுக்கு வந்த அதே வியாதி. தண்ணி சுடறது எனக்குத் தெரியல. டேங்க் ஃபுல்லா இருக்கு, ஆனா எனக்கு ஜில்லுன்னு இருக்கு."

அத்தை ஓடிப்போய்க் குழாயைத் திறந்து கையை நீட்டினார். "ஐயோ, எனக்கும்!" என்றார். என் வீட்டுக்காரர் போனார். விரலை நீட்டினார். அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், எல்லோரும் ஒரே பக்கம் இருப்பதை உறுதி செய்துகொண்டார். "எனக்குந்தான் ஜில்லுன்னு இருக்கு" என்று வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

"வீடு பூரா பரவிடுச்சு" என்றார் மாமா. "கதவைச் சாத்துடா. அக்கம் பக்கத்துல யாரையும் தொடாதீங்க."

கதவைச் சாத்தினார்கள். மூவரும் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, ஈர நெயில்பாலிஷ் போட்டுக்கொண்டவர்கள் மாதிரி கைகளை எதிலும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டார்கள். அத்தைக்கு மட்டும் ஒரு சந்தேகம். மேசையில் இருந்த டீ டம்ளரை விரலால் தொட்டுவிட்டு, "இது சுடுதுங்களே" என்றார்.

"அது டம்ளரோட சூடு. அது வேற" என்றார் மாமா. அவர் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் நான் தனியாக நடுங்கியபோது என் கை சரியில்லை, என் மனசு சரியில்லை. இப்போது இவர்கள் நடுங்கும்போதும் தண்ணீர் சரியில்லை என்று ஒரு வாய் சொல்லவில்லையே! நேராகப் போய் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அதுவரை நான் அவரை அப்படித் தொட்டதே இல்லை. "எந்திரிங்க" என்றேன். மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவர் மாதிரி எழுந்து வந்தார். மாடிப்படி அலமாரியைத் திறந்து, டேங்கின் உச்சியிலிருந்து கிளம்புகிற செப்புக் குழாயின் மேல் அவர் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"இது எப்படி இருக்கு?"

"ஜில்லுன்னு."

அதே கையை எடுத்து அவர் நெஞ்சின் மேல் வைத்தேன். "இது?"

"சுடுது."

"அப்ப கை நல்லாத்தான் இருக்கு. இந்தக் கண்ணாடியில மட்டம் எப்படி இருக்கு?"

"ஃபுல்லா இருக்கு."

"ஃபுல்லாவும் இருக்கு. ஜில்லுன்னும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும், மாமா. நான் அதுலதான் தினமும் குளிக்கிறேன்."

அவர் மறு கையைத் தானாகவே குழாயின் மேல் வைத்தார். ஒரு கை குழாயில், ஒரு கை நெஞ்சில், அப்படியே நின்றார். பிறகு, அறிவிப்புக் குரலில் இல்லை, எனக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரலில் பேசினார்.

"கடைமடைக்காரங்க ஆபீசுக்கு வருவாங்கம்மா. துண்டுல காய்ஞ்ச மண்ணை முடிஞ்சு கொண்டுவந்து என் மேசை மேல கொட்டுவாங்க. தண்ணி வந்து சேரலைம்பாங்க. நான் ஜன்னலைத் திறந்து அணையைக் காட்டுவேன். நிரம்பி நிக்குது பாருங்கய்யா, எப்படி வராமப் போகும்னு கேப்பேன். அவங்களும் எட்டிப் பாப்பாங்க. ஒண்ணும் பேசாம அந்த மண்ணைத் திரும்ப அள்ளிக் கட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

காதில் இருந்த சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது. அவர் பெல்ட் குளியலறைக் கொக்கியில் தொங்கியது. அதிலிருந்து சாவியைக் கழற்றிக்கொண்டு கீழே போனார். அன்றைக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், மாமா ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக, மாலை வேளையில் பாய்லர் எரிகிற சத்தம் கேட்டது.

மாமா உலர்ந்த சட்டையைப் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடிக் குழாயின் பக்கம் திரும்பவே இல்லை. செப்புக் குழாயை ஒரு கையால் பிடித்தபடி இருந்தார். குழாய் கையைச் சுட்டதும் "ஸ்ஸ்" என்று எடுத்துக்கொண்டு, எழுந்து நின்றார். பழக்க தோஷம், கீழே போய் பாய்லரை அணைத்துவிட்டு வந்தார். ஆனால் பெட்டியைப் பூட்டவில்லை, சாவி அதிலேயே தொங்கியது.

"கடைமடைக்குத் தண்ணி திறக்கப்படுகிறது" என்றார். அத்தையும் என் வீட்டுக்காரரும் கீழ்ப்படியில் நின்று கைதட்டினார்கள்.

"மாமா, நீங்க நனைஞ்சு வந்திருக்கீங்க. நீங்க மொதல்ல குளிங்க."

"முறை மாறிடுச்சு. இனிமே கடைமடைதான் மொதல்ல. நான் கடைசி."

பாதியை அவருக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் குளியல் தொட்டியை நிரப்பி அதில் இறங்கினேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கணுக்கால் சூடானது, முழங்கால் சூடானது, இடுப்பு, முதுகு, கழுத்து. எலும்புக்குள் ரூம் எடுத்திருந்தது மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவது எனக்கே தெரிந்தது. கொஞ்சம் ஆறினால் குழாயைத் திறந்தேன், மறுபடி ஆறினால் மறுபடி திறந்தேன். கதவுக்கு வெளியே மாமா தும்முவது கேட்டது. குழாயை மூட வேண்டும் என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றும் தோன்றியது. கடைசியில் குழாயில் பச்சைத்தண்ணீர் வரத் தொடங்கிய பிறகுதான் எழுந்தேன். தொட்டியில் எவ்வளவு நேரம் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவைத் திறந்தேன். மாமா தோளில் துண்டோடு, போர்வைக்குள் குறுகி, வாசலிலேயே நின்றிருந்தார். என் சிவந்த முகத்தைப் பார்த்து அவருக்கும் முகம் மலர்ந்தது.

"கடைமடைக்கு ஏதாவது மிச்சம் இருக்காம்மா?"

இல்லை மாமா, எல்லாவற்றையும் நானே தீர்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை மாதக் குளிர் முந்திக்கொண்டது.

"டேங்க் ஃபுல்லா இருக்கு, மாமா."

அவர் கண்ணாடிக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீசைக்குக் கீழே லேசாக ஒரு சிரிப்பு ஓடியது. போர்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் படியிலேயே நின்றேன். குழாய் திறந்தது. வாளி நிரம்பியது. முதல் சொம்பு விழுகிற சத்தம் கேட்டது. அலறல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இரண்டாவது சொம்பு விழுந்தது. பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்வதற்கு நடுவே, செய்தி வாசிக்கிற குரலில் அறிவிப்பு மட்டும் வந்தது.

"க... கடைமடைக்குத் தண்ணி... வந்து சேர்ந்தது."

ஈரத் தலையோடு கீழே ஓடிப்போய் பாய்லரைப் போட்டேன்.